முப்பது விநாடியில் என்ன வரைய முடியும்?

தாம்பரம் – கடற்கரை மின்சார ரயிலில் காலை வேளையில் உட்கார இடம் கிடைப்பது அபூர்வம். கிடைத்த ஒரு நாளில் எதிர் சீட்டில் ஒரு அம்மா மடியில் மல்லிகையைக் கொட்டி வைத்துத் தொடுத்துக்கொண்டிருந்தார். நோட்டை எடுத்தேன். தலை, கொண்டை, காது, காதில் தோடு... தோட்டில் இருந்த கல்லை வரைந்துகொண்டிருந்தபோது கிண்டி வந்துவிட்டது. அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிப் போயாச்சு. என் நோட்டில் மிஞ்சியது ஒரு காதும் ஒரு தோடும்தான். பூவும் இல்லை, தொடுத்த கையும் இல்லை.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கு முந்தைய ஒரு வருஷம் நான் ஃபோட்டோவைப் பார்த்து வரைந்து பழகிக்கொண்டிருந்தேன். படத்தின் மேல் கட்டம் போட்டு, காகிதத்திலும் கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் நகலெடுப்பது. சாஃப்ட்வேர்காரனுக்கு ரொம்பப் பிடித்த முறை: பெரிய பிரச்சினையைச் சின்னச் சின்னதாக உடை, ஒவ்வொன்றாகத் தீர். படம் அச்சு அசலாக வந்தது. வீட்டில் எல்லாரும் பாராட்டினார்கள். அந்தத் தைரியத்தில் ஓவிய ஆசிரியர் ஒருவரிடம் நோட்டைக் காட்டினேன். பொறுமையாக எல்லாப் பக்கத்தையும் புரட்டிவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி. ஆனா ஒருத்தரும் உட்காரலியே" என்றார்.

எனக்குப் புரியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருப்பவரைத்தானே வரைந்திருந்தேன்? அவர் என் நோட்டின் கடைசிப் பக்கத்தில் பால்பாயின்ட் பேனாவால் ஏழெட்டுக் கோடு போட்டார். முகம் இல்லை, விரல் இல்லை. ஆனால் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தார். உடம்பின் எடை முழுக்க நாற்காலியில் இறங்கியிருந்தது, முதுகு கொஞ்சம் தளர்ந்திருந்தது. போட்டு முடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. "போய் பஸ் ஸ்டாண்ட்ல நின்னு இப்படி ஆயிரம் போடு, அப்புறம் வா" என்று அனுப்பிவிட்டார்.

அந்த அரை நிமிஷத்தில் அவர் என்ன செய்தார், நான் முப்பது மணி நேரத்தில் எதைச் செய்யவில்லை என்று தேடிப் படித்ததும் போட்டுப் பார்த்ததும்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கண்ணைப் பற்றி ஒரு விஷயம். நம் பார்வையில் கூர்மையாகத் தெரிவது நடுவில் இரண்டு டிகிரி அளவு மட்டும்தான். கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கிட்டத்தட்ட அவ்வளவுதான். மீதியெல்லாம் மங்கல். கண் விநாடிக்கு மூன்று முறை போல இடம் மாறி மாறித் தாவுவதால் நமக்கு அது தெரிவதில்லை. வரையும்போது இதோடு இன்னொரு சிக்கல் சேர்கிறது. காகிதத்தைப் பார்க்கிற நேரத்தில் ஆளைப் பார்க்க முடியாது. அதாவது, எதிரே ஆளை உட்கார வைத்து வரைந்தாலும் கோடு போடுகிற கணத்தில் நாம் வரைவது ஞாபகத்தில் இருப்பதைத்தான். அரை விநாடிக்கு முந்தைய ஞாபகம், அவ்வளவே. 'நேரில் பார்த்து வரைவது', 'ஞாபகத்திலிருந்து வரைவது' என்று இரண்டாகப் பிரிக்கிறோமே, அப்படி இரண்டு இல்லை. ஞாபகத்தின் நீளம்தான் வேறு.

அந்தக் குறுகிய ஞாபகத்தில் ஒரே சமயத்தில் மூன்று நாலு விஷயங்களுக்கு மேல் நிற்காது. எந்த மூன்று நாலு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் ரயிலில் எடுத்துக்கொண்டது காது, தோடு, தோட்டின் கல். ஆசிரியர் எடுத்துக்கொண்டது முதுகின் வளைவு, இடுப்பு அழுந்தும் இடம், தலை சாயும் பக்கம்.

உளவியல் ஆய்வாளர் டேல் கோஹன் 2005இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். வரைபவர்கள் மூலப் படத்துக்கும் காகிதத்துக்கும் நடுவில் எத்தனை முறை கண்ணை மாற்றுகிறார்கள் என்று எண்ணிப் பார்த்த ஆய்வு. அடிக்கடி பார்ப்பவர்களின் படம்தான் துல்லியமாக வந்தது. பயிற்சி பெற்ற ஓவியர்கள் மற்றவர்களைவிட அடிக்கடி பார்த்தார்கள். கொஞ்சமாகப் பார், அடிக்கடி பார் என்பது சாரம். நான் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தேன். ஒரு முறை நன்றாகப் பார்த்துவிட்டுப் பத்து விநாடி தலை குனிந்து வரைந்தேன். அந்தப் பத்து விநாடியில் பாதிக்கு மேல் என் கற்பனைச் சரக்கு. காது எப்படி இருக்கும் என்று 'தெரிந்ததை' வரைந்தேன், அந்தக் காதை வரையவில்லை.

நேரம் குறைந்தால் இந்தக் கெட்ட பழக்கம் தானாக உடைகிறது. முப்பது விநாடிதான் என்று தெரிந்தால் காதுக்கு நேரமே கிடையாது. எதை விட்டால் ஆள் காணாமல் போய்விடுவார், எதை விட்டாலும் இருப்பார் என்று கை தேர்ந்தெடுத்தே ஆகவேண்டும்.

ஒரு உதாரணம். இடுப்பில் தண்ணீர்க் குடத்தோடு நிற்கும் பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். குடம் இடது பக்கம். அது வழுக்காமல் இருக்க இடது இடுப்பு மேலே ஏறித் தள்ளி நிற்கிறது. இடுப்பு ஏறினால் எடை அந்தக் காலில் விழுகிறது. அது விறைப்பாக நிற்க, மற்ற கால் தளர்கிறது. குடத்தின் கனம் இடது பக்கம் இழுப்பதால் உடம்பின் மேல்பாதி வலது பக்கம் சாய்கிறது. இடுப்புக் கோடு ஒரு பக்கம் சாய்ந்தால் தோள் கோடு எதிர்ப்பக்கம் சாய்கிறது. வலது கை உடம்பை விட்டு விலகிச் சமநிலைக்கு நீள்கிறது. இவ்வளவு தூரம் சாய்ந்த உடம்பின் மேல் தலை மட்டும் நேராக நிற்கப் பார்க்கிறது. இவையெல்லாம் தனித்தனி விஷயங்கள் இல்லை, குடம் என்கிற ஒரே காரணத்தின் விளைவுகள். குடத்தை எடுத்துவிட்டால் எல்லாம் மாறிவிடும்.

இதைக் கட்டம் கட்டமாக நகலெடுத்தால் ஒவ்வொரு கட்டமும் சரியாக இருக்கும், ஆனால் காரணம் எந்தக் கட்டத்திலும் இருக்காது. இடுப்புக்கு ஒரு சாய்கோடு, தோளுக்கு எதிர்ச் சாய்கோடு, இரண்டையும் இணைத்துத் தலையிலிருந்து விறைத்த காலின் பாதம் வரை இறங்கும் ஒரு வளைகோடு என்று மூன்றே மூன்று போட்டால் குடம் வரையாமலேயே கனம் தெரியும். (நம் ஊர்ச் செப்புத் திருமேனிகளில் திரிபங்கம் என்று சொல்கிறார்களே, தலை, உடல், கால் மூன்றும் மூன்று திசையில் வளைந்து நிற்பது, அதிலும் அடிப்படை ஒரு காலில் விழும் எடைதான். இதைத் தெரிந்துகொண்ட பிறகு எழும்பூர் மியூசியத்தின் வெண்கலக் கூடத்தில் நான் செலவிடும் நேரம் வீட்டில் சண்டைக்குக் காரணமாகிவிட்டது.)

இந்தப் பயிற்சி புதிதல்ல. தெருவில் போகும்போது சின்ன நோட்டு வைத்துக்கொண்டு, ஜனங்கள் பேசும்போதும் சண்டை போடும்போதும் உடம்பு எப்படி இருக்கிறது என்று சில கோடுகளில் குறித்துக்கொள்ளச் சொல்லி லியனார்டோ டா வின்சி எழுதிவைத்திருக்கிறார். பிரெஞ்சு ஓவியர் டெலாக்ருவா சொன்னதாக போத்லேர் 1863இல் எழுதிய கதை இன்னும் பிரபலம். நாலாவது மாடி ஜன்னலிலிருந்து ஒருவன் விழுகிறான் என்றால், அவன் தரையைத் தொடுவதற்குள் அவனை வரையத் தெரியாதவனால் பெரிய ஓவியம் எதையும் படைக்க முடியாதாம். எனக்குக் கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை. நாலாவது மாடி என்றால் தோராயமாக 15 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால் விழ ஆகும் நேரம் 1.75 விநாடி. அதற்குள் ஒரு கோடு முழுசாகப் போடுவதே பெரிய விஷயம். ஆக, அந்த நேரத்தில் வரைந்து முடிப்பதைப் பற்றிய பேச்சாக இது இருக்க முடியாது. அந்த நேரத்தில் எதைப் பிடித்து வைத்துக்கொள்கிறாய் என்பதுதான் கேள்வி.

பிடித்து வைத்துக்கொள்வதையே தனிப் பாடமாக்கியவர் பாரிஸில் கற்பித்த ஓராஸ் லெகோக் த புவாபோத்ரான். 1848இல் ஓவிய ஞாபகப் பயிற்சி பற்றிச் சிறுநூல் எழுதினார். மாணவர்கள் பொருளைப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டு, அது இல்லாத இடத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும். மாடல்களை மேடையில் சிலைபோல நிறுத்தாமல் திறந்தவெளியில் இயல்பாக நடமாட விட்டுப் பார்க்கச் செய்தார். அவரிடம் படித்தவர்களில் ஒருவர் சிற்பி ரோடின். ரோடின் பிற்காலத்தில் மாடல்களைத் தன் கூடத்தில் இஷ்டப்படி நடக்கவிட்டு, காகிதத்தைப் பார்க்காமலேயே வரைந்த ஆயிரக்கணக்கான கோட்டோவியங்களுக்கு வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் ஊகம்.

இதை வகுப்பறைக்கான முறையாக ஆக்கியதில் முக்கியமானவர் கிமோன் நிக்கோலைடிஸ். நியூயார்க்கின் ஆர்ட் ஸ்டூடண்ட்ஸ் லீக்கில் கற்பித்தவர். முதல் உலகப்போரில் பிரான்சில் அமெரிக்கப் படையின் உருமறைப்புப் பிரிவில் இருந்தபோது சமவுயரக் கோட்டு வரைபடங்களோடு புழங்கியிருக்கிறார், அதன் சாயல் அவருடைய பாடத்திலும் உண்டு. அவர் 1938இல் இறந்தபின் 1941இல் வெளியான 'தி நேச்சுரல் வே டு டிரா' புத்தகம் இன்றும் அச்சில் இருக்கிறது. அதில் வாராவாரம் 15 மணி நேரத்துக்கு அட்டவணை போட்டிருக்கிறார். முதல் வாரத்திலேயே இரண்டு எதிரெதிரான பயிற்சிகள். ஒன்று, எறும்பு ஊர்வதுபோல உருவத்தின் ஓரத்தைக் கண்ணால் தொட்டுத் தொட்டு மெதுவாக வரைவது. இன்னொன்று 'ஜெஸ்சர்': ஒரு நிமிஷமோ அதற்கும் குறைவாகவோ, ஆள் எப்படி இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு என்ன செய்துகொண்டிருக்கிறார் என்பதை மட்டும் வரைவது. ஜெஸ்சர் பயிற்சியில் பேனா காகிதத்தை விட்டு எழாமல் சுற்றிச் சுற்றி ஓடும். பார்ப்பதற்கு நூல்கண்டு சிக்கல் மாதிரி இருக்கும். அழகாக வரவேண்டும் என்கிற எண்ணமே கூடாது என்பதில் கறாராக இருக்கிறார்.

எனக்குப் பிடித்த உதாரணம் வேறு. இந்தப் பயிற்சியால் பலன் உண்டா இல்லையா என்று சோதித்துப் பார்த்த ஒரு தொழிற்சாலை இருந்தது என்றால் அது டிஸ்னி ஸ்டூடியோதான். 1928இன் மிக்கி மவுஸைப் பாருங்கள். கைகால் எல்லாம் ரப்பர் குழாய். எலும்பு கிடையாது, எடையும் கிடையாது. ஏழு நிமிஷச் சிரிப்புப் படத்துக்கு அது போதும். முழு நீளப் படம் எடுத்து ஜனங்களை அழவைக்க வேண்டுமானால் போதாது. 1932 நவம்பரில் ஷுனார்ட் கலைப் பள்ளியின் ஆசிரியர் டான் கிரஹாமை வரவழைத்து, ஸ்டூடியோவுக்குள்ளேயே மாலை வகுப்பு ஆரம்பித்தார்கள். ஏற்கெனவே சம்பளம் வாங்கிக்கொண்டு வரைபவர்கள், வேலை முடிந்தபின் மாணவர்களாக உட்கார்ந்து ஆளைப் பார்த்து வரைந்தார்கள். மிருகக்காட்சிசாலைக்கும் போனார்கள். 1935 டிசம்பரில் வால்ட் டிஸ்னி கிரஹாமுக்கு எழுதிய நீண்ட குறிப்பு இணையத்தில் கிடைக்கிறது. நிஜ அசைவை அப்படியே காப்பியடிப்பது நோக்கமில்லை, ஆனால் நிஜத்தைத் தெரிந்துகொள்ளாமல் மிகைப்படுத்தவும் முடியாது என்பது அதன் அடிநாதம். 1937 டிசம்பரில் 'ஸ்னோ ஒயிட்' வந்தது. பிறகு 'பாம்பி'க்காக உயிருள்ள மான்குட்டிகள் இரண்டை ஸ்டூடியோவிலேயே வளர்த்து வரைந்தார்கள். மான்குட்டி போஸ் கொடுக்காது என்பதால் விரைவாக வரைவதைத் தவிர வழியே இல்லை!

அனிமேஷனில் இது ஏன் உயிர்நாடி என்றால், ஒரு விநாடிக்கு 24 ஃபிரேம், குறைந்தது 12 படம். ஒரு படத்தில் சட்டை மடிப்பு தப்பினால் யாருக்கும் தெரியாது. எடை எந்தக் காலில் இருக்கிறது என்பது தப்பினால் குழந்தைக்கும் தெரியும்.

இந்தியாவில் சாந்திநிகேதன் கலாபவனத்தில் நந்தலால் போஸ் கையில் எப்போதும் சின்ன அட்டைகள் வைத்திருந்து போகிற வருகிற இடமெல்லாம் வரைந்தார், மாணவர்களையும் அப்படியே பழக்கினார். 1938 ஹரிபுரா காங்கிரஸ் மாநாட்டுக்கு அவர் தீட்டிய சுவரொட்டிகளில் தாளம் போடுபவர், நூல் நூற்பவர், மாடு மேய்ப்பவர் எல்லாம் அவ்வளவு குறைந்த கோடுகளில் நிற்பது அந்தப் பழக்கத்தின் வட்டி. அவரிடம் படித்த சத்யஜித் ராய் பிற்காலத்தில் நினைவுகூர்ந்த ஒரு விஷயம்: மரத்தை வரையும்போது கோட்டை அடியிலிருந்து மேலே இழுக்கச் சொல்வாராம் நந்தலால். மரம் அப்படித்தானே வளர்கிறது! நிற்கிற மரத்திலும் ஒரு செயல் இருக்கிறது என்று பார்ப்பது. சென்னையில் பெரியமேடு ஓவியக் கல்லூரிப் பிள்ளைகள் சென்ட்ரலிலும் எழும்பூரிலும் பிளாட்பாரத்தில் சம்மணம் போட்டு நோட்டோடு உட்கார்ந்திருப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். 'அவுட்டோர்' என்பார்கள். ரயில் நிலையம் இதற்கு அருமையான இடம்: தூங்குபவர் கொஞ்சம் நேரம் தருவார், மூட்டை தூக்குபவர் மூன்று விநாடி தருவார்.

எதிர்வாதம் உண்டு, அது நியாயமானதும்கூட. வேகமாகக் கிறுக்கினால் வேகமாகக் கிறுக்கத்தான் வரும் என்பார்கள். ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டில் ஷார்ல் பார்க் தயாரித்த 197 மாதிரிப் படங்களை மாணவர்கள் வாரக்கணக்கில் நகலெடுத்தார்கள். வான் கோ அதை வைத்துத்தான் தானே கற்றுக்கொண்டார். ஆனால் அதோடு நிற்காமல் வயலில் மண் வெட்டுபவரையும் தறியில் உட்கார்ந்தவரையும் நேரில் போய் வரைந்தார். நிக்கோலைடிஸும் மெதுவான பயிற்சியைக் கூடவே வைத்ததைக் கவனியுங்கள். வெறும் வேகம் ஆபத்து என்பது என் நோட்டிலேயே தெரிகிறது. ஆறாவது மாதம் வாக்கில் எனக்கு ஒரு 'ஸ்டைல்' வந்துவிட்டது. சர் சர்ரென்று மூன்று வளைகோடு, பார்த்தால் ஜோராக இருக்கும். கூர்ந்து பார்த்தால் எல்லா ஆளும் ஒரே ஆள். நான் எதிரே பார்ப்பதை நிறுத்தியே இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஃபோட்டோவை முப்பது விநாடிக்கு ஒன்றாக மாற்றிக் காட்டும் ஆப்களிலும் எனக்குப் பாதி திருப்திதான். கைக்குப் பழக்கம் வரும், சரி. ஆனால் உறைந்துபோன கணத்தை கேமரா ஏற்கெனவே தேர்ந்தெடுத்துத் தந்துவிடுகிறது. தேர்ந்தெடுப்பதுதானே நாம் பழக வேண்டிய வேலை?

இதில் எனக்குச் சொந்தமாக நடந்த ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொல்லிவிடுகிறேன்.

அப்பாவுக்கு 74 வயது. சாயங்காலம் மொட்டை மாடியில் நடப்பார். ரயிலில் இடம் கிடைக்காத நாட்களில் அவரைத்தான் வரைவேன். ஒரு சுற்று வரும்போது ஒரு படம். "என்னையே ஏன்டா வரையறே, அந்தக் கருவேப்பிலை மரத்த வரை, அது பாட்டுக்கு நிக்கும்" என்பார். போன வருஷம் பழைய நோட்டுகளை அடுக்கும்போது அந்தப் பக்கங்களை வரிசையாகப் புரட்டினேன். ஆரம்பத்தில் இரண்டு கையும் கோடுகளாக முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருந்தன. நாலைந்து மாதம் கழித்து வரைந்தவற்றில் வலது கை வீசுகிறது, இடது கை உடம்போடு ஒட்டி நேராகத் தொங்குகிறது. ஒன்றிரண்டில் இல்லை, எல்லாப் படத்திலும்.

அதுவரை எனக்கு அது தெரியவே தெரியாது. தினமும் பார்க்கிறேன், தினமும் வரைகிறேன், ஆனால் தெரியாது. 'அப்பா நடக்கிறார்' என்று பெயர் வைத்ததோடு மூளை வேலையை முடித்துக்கொண்டது. கை மட்டும் இருந்ததைக் குறித்துக்கொண்டே வந்திருக்கிறது. அதே மாதங்களில் எடுத்த ஃபோட்டோக்களைத் தேடிப் பார்த்தேன்; எல்லாவற்றிலும் கேமராவைப் பார்த்து நின்றுகொண்டிருக்கிறார். நரம்பியல் டாக்டரிடம் கூட்டிப்போனோம். நடக்கச் சொல்லிப் பார்த்தார், விரல்களைத் தட்டச் சொன்னார். பார்க்கின்சன்ஸ், ஆரம்ப நிலை என்றார். நடக்கும்போது ஒரு பக்கக் கை வீச்சு குறைவது அதன் முதல் அறிகுறிகளில் ஒன்றாம். மாத்திரை ஆரம்பித்து எட்டு மாதம் ஆகிறது.

ஸ்கெட்ச் போட்டால் நோய் தெரியும் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நானே கவனிக்காமல் போயிருந்தால் அந்தப் பக்கங்கள் அலமாரியில்தான் கிடந்திருக்கும். இன்னும் மோசம், என் 'ஸ்டைல்' காலத்தில் வரைந்த இரண்டு மாதப் பக்கங்களில் அப்பாவின் இரண்டு கையும் ஜோராக வீசுகின்றன. அது அப்பா இல்லை, என் பழக்கம். அந்த இரண்டு மாதத்தை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்குக் கொஞ்சம் நடைமுறை. சட்டைப் பையில் அடங்கும் நோட்டு, பால்பாயின்ட் பேனா போதும். பென்சில் வேண்டாம், கூடவே ரப்பர் வந்துவிடும். முதலில் தலையிலிருந்து எடை விழும் பாதம் வரை ஒரே கோடு. பிறகு தோளும் இடுப்பும் எந்தப் பக்கம் சாய்கின்றன என்று இரண்டு கோடு. நேரம் மிஞ்சினால் கைகால். அதற்குள் ஆள் நகர்ந்துவிட்டால் அதை அப்படியே விட்டுவிட்டு அடுத்தது, கற்பனையில் முடித்துவைக்காதீர்கள். டீக்கடை, பஸ் ஸ்டாண்ட் நல்லது, ஏனென்றால் அங்கே செய்த செயலையே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். டீ ஆற்றுபவர் பத்து நிமிஷத்தில் அதே நிலைக்கு முப்பது தடவை வருவார், ஒரே படத்தை முப்பது தவணையில் வரையலாம்.

ஆட்களைக் கேட்காமல் வரைவது சரியா என்ற கேள்வி வரும். யாராவது கவனித்துவிட்டால் உடனே நோட்டைக் காட்டிவிடுவேன். முகமே இல்லாத கோடுகளைப் பார்த்துப் பெரும்பாலும் சிரித்துவிடுவார்கள். ஒரே ஒருவர் கோபப்பட்டார்; பக்கத்தைக் கிழித்து அவரிடமே கொடுத்துவிட்டேன்.

பூத் தொடுக்கும் கை மட்டும் எனக்கு இன்னும் வரவில்லை. நார் எந்த விரலைச் சுற்றி எந்த விரலுக்குக் கீழே போகிறது என்று கண்ணால் பிடிக்கவே முடியவில்லை. போன மாதம் ஸ்டேஷன் வாசல் பூக்காரம்மாவிடம் ரெண்டு முழம் வாங்கிக்கொண்டு, கொஞ்சம் மெதுவாகக் கட்டிக் காட்டுங்களேன் என்று கேட்டேன். முயற்சி செய்தார். நாலாவது பூவிலேயே முடிச்சு அவிழ்ந்துவிட்டது. "மெதுவா கட்டினா எனக்கே வராதுப்பா" என்று சிரித்துவிட்டுப் பழைய வேகத்துக்குப் போய்விட்டார்.